நாலாம் எண் முனை

பெட்டியில் ஐந்து முனைகள்தான் இருக்க வேண்டும். ஆர்வோ லைட்டினென் மூடியைத் திறந்தபோது ஆறு இருந்தன.

மறுநாள் விடிந்தால் மான் வேட்டைக் காலம். வில்காரர்களுக்குத்தான் முதல் முறை. துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சாலைத் துறையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிற ஆர்வோ, ஓராண்டாகத் தொடாத பெட்டியை அன்று காலை அலமாரியிலிருந்து இறக்கியிருந்தான். உள்ளே நுரைப் பஞ்சில் குடைந்த ஆறு பள்ளங்கள். அம்பின் நுனியில் திருகுகிற அகன்ற எஃகு முனைகள், இரண்டு வெட்டு அலகு வைத்தவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவனே ஆணியால் கீறிய எண். நாலாம் பள்ளம் சென்ற ஆண்டு முதல் நாள் மாலையே காலியாகிவிட்டது. அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பள்ளத்தில் ஒரு முனை படுத்திருந்தது. விளிம்பெல்லாம் துரு. கழுத்தில் அவன் கைக்கீறலாகவே நாலு. எடுத்தான். ஈரமாக இருந்தது.

"லோரீன், இந்தப் பெட்டியத் தொட்டியா?"

"அந்தக் கருமத்த நான் எதுக்குத் தொடப்போறேன், விரல வெட்டிக்கவா?" அடுப்பருகிலிருந்தே மனைவி சொன்னாள். "ஏங்க, மார்லிஸ் போன் பண்ணினா. நாளைக்கு அந்தப் பக்கம் போறப்ப இன்னொரு தடவை நல்லா பாத்துட்டு வருவீங்களான்னு கேட்டா. ஒரு பூட்ஸ் கெடச்சாக்கூட போதுமாம். கொண்டாந்து புதைச்சிடலாமாம்."

மார்லிஸ், தம்பி ஒய்வாவின் மனைவி. சென்ற ஆண்டு வேட்டையின் முதல் நாளில் வீட்டை விட்டுப் போன ஒய்வா திரும்பவே இல்லை. அவன் வண்டி ஆற்றங்கரையில் நின்றது. வழுக்கி விழுந்திருப்பான் என்று முடிவுகட்டி ஒன்பது நாள் ஆற்றைத் துழாவினார்கள். ஆர்வோவும் ஒன்பது நாளும் கூடவே நின்று கயிறு பிடித்தான்.

எண்ணியதில் பிழை இருக்கும், தொலைந்தது வேறு முனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்பிக்கை வரவில்லை. நாலாம் எண்ணை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினான். இரண்டாம் எண்ணை ஒரு காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதுச் சாணை வாங்க ஊருக்குள் போனான்.

பெர்னிஸின் கடையில் அன்று நிற்க இடமில்லை. பள்ளியில் ஆர்வோவோடு படித்தவள். அவள் வாய்க்குப் பயந்தே பாதி ஊர் நல்ல அம்பு வாங்கும்.

"வந்துட்டாருப்பா, மூணு இழுப்பு மகராசன்! இன்னும் அந்தச் சுரண்டுற டப்பாவத்தான் வெச்சிருக்கியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு கடினத் தகடுகளைக் குறுக்காக வைத்த சின்ன டப்பா அது. நடுப்பள்ளத்தில் முனையை மூன்று முறை இழுத்தால் வேலை முடிந்தது என்று ஆர்வோ சொல்லிக்கொள்வான். ஒய்வாதான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன். 'அண்ணே, அது தீட்டுறது இல்ல, பிச்சி எடுக்கறது. தடவினா கூரா இருக்கும், எலும்புல பட்டா மழுங்கிடும்.'

"கல்லு வேணும்," என்றான் ஆர்வோ. "இல்ல, அரம் போதுமா?"

"அரம் காட்டுக்குள்ள உக்காந்து தேய்க்கறவனுக்கு. பல்லு பல்லா விடும். மூணு அலகு முனைன்னா கல்லு மேல படுக்கப் போட்டு இழுத்துடலாம், அதுவே கோணம் புடிச்சுக்கும். உன்னோடது ரெண்டு அலகு. கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு." அடியில் உருளை வைத்த பிடிப்பான் ஒன்றை எடுத்து வைத்தாள். "முனைய இதுல மாட்டு. உருளை கல்லு மேல ஓடும். ஒரு பக்கத்துக்குப் பத்து இழுப்பு. மொதல்ல ஓரத்துல கறுப்பு மை பூசு. மை முழுக்கப் போச்சுன்னா கல்லு ஓரம் வரைக்கும் படுதுன்னு அர்த்தம். கடைசியா தோல் வார்ல நாலு தடவு. எங்க, முனையக் காட்டு."

சட்டைப்பையிலிருந்து சுருட்டலைக் கொடுத்தான். அவள் பிரித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"இத எங்கப்பா புதைச்சு எடுத்த?" முகர்ந்து பார்த்தாள். "சதுப்பு நாத்தம் அடிக்குது."

காகிதத்தில் கிடந்தது நாலாம் எண்.

எதையோ உளறினான். அவளும் மேலே கேட்கவில்லை. கல், பிடிப்பான், தோல் வார் எல்லாவற்றையும் பையில் போட்டு, அந்தக் கடை வழக்கப்படி மேலே ஒரு டாய்லெட் பேப்பர் சுருளையும் இலவசமாக வைத்தாள். அம்பு பட்ட மானின் ரத்தத் தடத்தில் ஒவ்வொரு துளிக்குப் பக்கத்திலும் ஒரு துண்டு கிழித்து வைத்துக்கொண்டே போவார்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். மழை வந்தால் தானே கரைந்துவிடும்.

"நல்லாத் தீட்டினா இது வேண்டியிருக்காது. எய்ஞ்ச எடத்துலயே விழுற சத்தம் கேக்கும்னு ஒய்வா சொல்லுவான்..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோப்பா."

வீடு வரும் வழியெல்லாம், ஓராண்டாக அவன் நினைக்காமல் தள்ளிவைத்த அந்த மாலை வண்டிக்குள் அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தேவதாரு சதுப்பின் ஓரம். மரத்தின் மேல் கட்டிய பரண். வெளிச்சம் வடிந்து எல்லாமே சாம்பல் நிறமாகிவிட்ட அந்தக் கடைசிப் பத்து நிமிடம். மரங்களுக்கு நடுவே இருபத்தைந்து கஜத்தில் அசைந்த ஒரு சாம்பல் விலா. எய்தான். பட்ட சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அம்பு பட்ட மானை உடனே துரத்தக் கூடாது, துரத்தினால் காயத்தோடு எங்கேயோ ஓடிவிடும், அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் படுத்துச் சோர்ந்துவிடும் என்பது அங்கே நடை பழகும்போதே கற்கிற பாடம். உட்கார்ந்தான். சதுப்புக்குள்ளிருந்து இருமல் கேட்டது. மானும் இருமும். மூன்றாவது இருமலுக்குப் பிறகு இரண்டு அசையில் ஏதோ ஒன்று கேட்டது. மான் இரண்டு அசையில் கூப்பிடாது. அது தெரிந்தும் அவன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இறங்கிப் போனபோது ஒரே ஒரு துளிதான் கிடைத்தது. மழுங்கிய முனைக்கு ரத்தம் வராது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோரம் உட்கார வேண்டிய ஒய்வா அன்று குளிருக்குச் சாம்பல் கம்பளிச் சட்டை போட்டிருந்தான் என்று மறுநாள் காலை மார்லிஸ்தான் ஷெரீஃபிடம் சொன்னாள். நீ ஏதாவது எய்தாயா என்று ஷெரீஃப் கேட்டார். இல்லை என்றான் ஆர்வோ.

சாயங்காலம் லோரீன் தேவாலய விருந்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால் முப்பது எட்டு நடந்தால் சவுனா, நீராவிக் குளியலுக்கென்று கட்டிய மரக் குடில். சனிக்கிழமை என்பதால் அடுப்பை மூட்டிவிட்டு, துணி மாற்றும் முன்னறையில் பலகை போட்டு உட்கார்ந்தான். கதவுக்கு அப்பால் உள்ளறையில் கற்கள் சூடேறிச் சின்னதாக வெடித்துக்கொண்டிருந்தன. போன ஆண்டு வரை சனிக்கிழமை என்றால் ஒய்வா அங்கே மேல்படியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான்.

ஒன்றாம் எண்ணைப் பிடிப்பானில் மாட்டி, ஓரத்தில் மை பூசிக் கல்லில் இழுத்தான். ஸ்ஸ்ரக். ஸ்ஸ்ரக். பக்கத்துக்குப் பத்து. மை சீராகப் போயிற்று. காபிக் கோப்பையின் வாயில் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டி அதன்மேல் அலகை லேசாக வைத்தான். டப்பென்று அறுந்தது. ஒய்வா கற்றுக்கொடுத்த சோதனை அது. ரத்தக் குழாயும் ரப்பர் பேண்டும் ஒன்று, மழுங்கல் அதைத் தள்ளும், கூர்தான் அறுக்கும் என்பான். பூட்டிய இழுப்பறைக்குள் நாலுக்குப் பதிலாகக் கிடந்த இரண்டாம் எண்ணும் டப். மூன்றும் டப். ஆர்வோவுக்கு மூச்சு சீரானது.

நாலாம் எண்ணைத் தொட வேண்டாம் என்றுதான் இருந்தான். ஆனால் அதையும் தீட்டிவிட்டால் அதுவும் மற்ற ஐந்தைப் போல வெறும் முனையாகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. மாட்டினான். மை பூசினான். பத்து இழுப்பு இழுத்தான்.

மை அப்படியே இருந்தது.

மறுபடி பத்து. துரு தண்ணீரில் கரைந்து கல்லின்மேல் செம்மண் நிறத்தில் வழிந்தது. தேவதாருவும் அழுகிய பாசியுமாக ஒரு வாடை அறை முழுக்க ஏறியது. மை மட்டும் ஒரு மயிரளவும் விலகவில்லை. ரப்பர் பேண்டில் வைத்து அழுத்தினான். பேண்டு வளைந்து ஒதுங்கிக்கொடுத்தது. அறுபடவில்லை. ஒதுங்கியது.

மறுபடி எண்ணிக்கொண்டே இழுத்தான். எட்டு. ஒன்பது. பத்து. கையை எடுத்தான்.

ஸ்ஸ்ரக்.

பதினொன்று. உள்ளறைக் கதவுக்கு அப்பாலிருந்து.

கல் வெடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சூட்டில் பலகை முறுகியிருக்கும். உள்ளே யாரோ இருமினார்கள். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது இருமலுக்குள் எழுந்துவிட்டான். எழுந்த வேகத்தில் பலகை சாய்ந்தது. பிடிக்கப் போன கையில் நாலாம் எண் இறங்கியது. ரப்பரை அறுக்காத அலகு அவன் முழங்கைக்குக் கீழே நீளமாக அறுத்தது.

ஓடினான். முப்பது எட்டும் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. சமையலறைக் கதவைத் தாழிட்டு, பாத்திரம் துடைக்கும் துணியால் காயத்தை இறுக்கிக் கட்டி நாற்காலியில் விழுந்தான். வண்டிச் சாவி சவுனாவில் கழற்றிப் போட்ட சட்டையில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து.

பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஸ்ஸ்ரக். ஸ்ஸ்ரக். அவசரமே இல்லை. பத்து இழுப்பு. நிறுத்தம். மறுபக்கம் பத்து. சரியான கோணம். தம்பிக்குக் கை நடுங்காது.

தொலைபேசி அடித்தது.

"மாமா, நான் மார்லிஸ். தொந்தரவு பண்றேனா?"

"சொல்லும்மா."

"நாளைக்கு ஒரு வருசம் ஆகுது. தூக்கமே வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க எதையாவது எய்ஞ்சீங்களா? அவரு சாயந்தரம் ஆனா உங்களத் தேடி அந்தப் பக்கம் நடந்து வருவாரு மாமா. எப்பவும் வருவாரு. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் போக மாட்டேன். எனக்குப் புதைக்க அவரு வேணும், அவ்வளவுதான்."

பின்பக்கத்தில் சாணைச் சத்தம் நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது.

சொல்லிவிடு என்று ஆர்வோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. எந்த மரம், எந்த மேடு, எந்தப் பக்கம் இருமல் கேட்டது, எல்லாமே அவன் நாக்கு நுனியில் இருந்தன. வாயைத் திறந்தான்.

"இல்லம்மா. நான் எதையும் எய்யல."

"சரி மாமா." அவள் அழுதாள். "நாளைக்கு மட்டும் நல்லா பாருங்க."

ரிசீவரை வைத்தான்.

சவுனாவுக்குள் டப்பென்று ஒரு ரப்பர் பேண்டு அறுந்தது.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வெளியே வெளிச்சம் வடிந்து முற்றம் சாம்பலாகியது. காலடி இல்லை. கதவுச் சத்தம் இல்லை. அவன் அசையவில்லை. அசையாமல் உட்கார்ந்தது எதற்காக என்று அவனுக்கே மெல்லத்தான் உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு நாற்பது. காயம் பட்டு அரை மணி.

எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

சவுனா வாசலில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. கிழித்த காகிதத் துண்டுகள். அவன் ஓடி வந்த வழியில், துளிக்கு ஒன்றாக. முற்றத்தைக் கடந்து. படிக்கட்டில் ஒன்று. கதவு வரை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கதவுக்கு உள்ளே, தரையில், ஒரு துண்டு. அடுப்பருகே ஒன்று. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக் காலடியில் ஒன்று. எல்லாம் ஈரம். தேவதாரு வாடை.

நாற்காலியோடு தடம் முடிந்திருந்தது. அதற்கப்பால் தரை சுத்தம்.

கை வலித்தது. குனிந்து பார்த்தான்.

கட்டுத் துணியின்மேல், ரத்தம் ஊறிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. அதன்மேல் சதுப்புச் சேற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை, இப்போதுதான் எடுத்ததுபோல்.