கை படாத சில்லு

திரையின் வரைபடத்தில் சோடியம் எழுந்து நின்றது. பக்கத்தில் குளோரின், அதற்கப்பால் பொட்டாசியம். மூன்றும் சேர்ந்து வந்தால் அது மனிதக் கையின் வியர்வை உப்பு. சத்தியமாய் ஜெகதீஸ்வரி அந்தச் சில்லைத் தொடவில்லை.

பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையின் பழுதாய்வுக் கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. பழுதான மின்னணுச் சில்லை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எலக்ட்ரான்களைப் பாய்ச்ச வேண்டும். அதிலுள்ள தனிமங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய எக்ஸ்ரேயை உமிழ்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"இது மூணாவது தடவம்மா," என்றார் மேற்பார்வையாளர் சாஹித். "கிளவ்ஸ் இல்லாம தொடுறேன்னு மேல பேச்சு."

"நான் தொடலண்ணே."

"மெஷின் சொல்லுதுலா. ஜும்மாவுக்குப் போயிட்டு வர்றேன். அதுக்குள்ள கிளீனா ஒண்ணு காட்டு. இல்லன்னா உன் கான்ட்ராக்ட்ட என்னால காப்பாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை நண்பகல், கூடமே காலியாகிவிட்டது. படம் தெளிவாகத் தெரிய விளக்கை அணைத்து வைத்த அந்தச் சிறிய அறையில் ஆல்கஹால் வாசனையும் ஏர்கோன் குளிரும் தேங்கி நிற்க, காற்றை உறிஞ்சும் பம்பு மட்டும் எங்கோ தரைக்கடியில் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு ஜோடி கையுறை போட்டாள். முத்திரை பிரிக்காத புதுச் சில்லை இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்து மூடினாள். திரையும் தன் கைகளும் சேர்ந்து தெரியும்படி கைபேசியை நிறுத்திப் பதிவைத் தொடங்கினாள். இனி யார் என்ன சொல்ல முடியும்?

சிலிக்கான். அலுமினியம். வேறொன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போது படத்தின் ஓரத்தில் ஒரு கோடு வளைந்தது. அதற்குள் இன்னொன்று. அதற்குள் மற்றொன்று. விரல் ரேகை. காற்றுகூட இல்லாத பெட்டிக்குள், அவள் கண் முன்னால், யாரோ விரலை நிதானமாக ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்திவிடலாம். ஆனால் பாதியில் நிறுத்தினால் யார் நம்புவார்கள்? கைகள் மேசைமேல்தான் இருக்கின்றன, பதிவும் ஓடுகிறது. பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்து தொலைத்தது. ஓடட்டும் என்று விட்டாள்.

இரண்டாவது ரேகை. ஐந்தாவது. பத்து.

சோடியம் ஏறியது. குளோரின் ஏறியது. பிறகு புதிதாக ஒன்று. பாஸ்பரஸ். கூடவே கால்சியம்.

அந்த இரண்டும் சேர்ந்து எதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். எலும்பில்.

விரல்கள் சில்லிட்டன. வலி இல்லை. ஒன்றுமே இல்லை.

கதவு திறந்தது. "என்னம்மா, கிளீனா வந்துச்சா?"

"அண்ணே, பாருங்கண்ணே. என் கை இங்கதான் இருக்கு."

தூக்கிக் காட்டினாள்.

சாஹித் ஓரடி பின்வாங்கினார்.

கையுறைகளின் பத்து நுனிகளும் காலியாய் மடிந்து தொங்கின. மடிப்பு மெல்ல இரண்டாம் கணுவுக்கு இறங்கியது. திரையில் கால்சியம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.