பிள்ளைகள்: ஒன்று

கைப்பிடியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்று ஹம்சிகாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுடைய கை தூக்கிப் பிடித்தது. சாவி ஒரே சுற்றில் திரும்பியது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் அந்த ஒழுங்கைக்கு அவள் முதன்முதலாக வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய வீட்டுக் கதவெல்லாம் இப்படித்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மகள் றஷ்மியின் கையைப் பிடித்தபடி உள்ளே போனாள். மணி இரண்டு. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள்.

முதலாம் வகுப்பில் இடம் வேண்டுமென்றால், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஐந்து வருடம் குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். ஹம்சிகா குடியிருந்ததோ கொட்டாஞ்சேனையில், ஒரு கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில். டோஹாவில் வேலை செய்யும் கணவன் ஜனா போன் எடுக்கும்போதெல்லாம் பள்ளிக்கூட விசயத்தைத்தான் முதலில் கேட்பான். கொழும்பில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. கெட்டிக்கார புரோக்கர் ஒருவர் அகப்பட்டால் வீட்டையும் பிடித்துத் தருவார், பழைய திகதியில் வாடகை ஒப்பந்தமும் எழுதித் தருவார், வாக்காளர் இடாப்பில் பெயரும் இருக்கும். நம்பக்கூடிய புரோக்கர் கிடைப்பதுதான் கஷ்டம். முதல் ஆள் காட்டிய வீட்டை அதே நாளில் வேறு மூன்று குடும்பங்களுக்கும் காட்டியிருந்தான். இரண்டாவது ஆள் அட்வான்ஸ் வாங்கிய கையோடு போன் நம்பரை மாற்றிவிட்டான்.

மூன்றாவதாக வந்தவர் சவுந்தரநாயகம். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, கக்கத்தில் ஒரு பைல். யாழ்ப்பாணத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் ஹம்சிகாவும் கேட்டாள். எந்த ஊர்?

"உங்கட ஊர்தான், பிள்ளை. யோகநாதன் மாஸ்டரின்ர மகள் அல்லோ நீங்கள்? பின்வளவில ஒரு கிணறு தூர்த்துக் கிடக்கும்."

அந்தக் கிணற்றைப் பற்றி வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அது எப்படி இவருக்குத் தெரியும் என்று அவள் அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஊர்க்காரர் என்று ஆனபிறகு மனம் வேறு எதையும் கேட்பதில்லை.

அவர் அட்வான்ஸ் கேட்கவில்லை. றஷ்மியின் பழைய சப்பாத்துச் சோடி ஒன்றும், போட்டுக் கழித்த சட்டை ஒன்றும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். வீடு பார்க்க வருபவர்களுக்கு அது பிள்ளை புழங்கிய வீடாகத் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு படிவத்தை விரித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளையள் எத்தினை?"

"ஒண்டு."

"ஒண்டுதானே? எழுதினாப் பிறகு மாத்தேலாது."

"ஒண்டுதான், ஐயா."

"நான் கடுதாசியில மட்டும் வேலை செய்யிற ஆள் இல்லை, பிள்ளை. அஞ்சு வருசம் இருந்தவை எண்டு நான் சொன்னா, இருந்தவைதான்."

இந்தக் கடைசி வசனத்தை அவள் அன்றிரவே ஜனாவிடம் பெருமையோடு சொன்னாள்.

இப்போது, அவர் ஆயத்தம் செய்து வைத்திருந்த வீட்டின் நடுவில் நின்று பார்க்கையில், மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. கடற்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகளில் ஒரு சின்னத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது, குசினியிலிருந்து கறிவேப்பிலை தாளித்த வாசம் இன்னும் அடங்காமல் வந்துகொண்டிருந்தது, தண்டவாளத்தில் ரயில் போனபோது அலுமாரிக் கண்ணாடி மெல்ல அதிர்ந்து நின்றது, அந்த அதிர்வு எத்தனை நேரம் இருக்கும் என்று காதுக்கு முன்பே தெரிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் பாதி வெட்டிய பப்பாசி. றஷ்மிக்குப் பிடிக்காதென்று அவள் எப்போதும் செய்வதைப் போல, விதையெல்லாம் வழித்து எடுத்திருந்தது.

"அம்மா, இது ஆற்ற வீடு?" என்று றஷ்மி கேட்டாள்.

"எங்கட வீடு. ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்லோணும், என்ன?"

"எனக்கு இஞ்ச நிக்க விருப்பமில்லை."

கேற்றடியில் ஒரு பூனைக்குட்டி கிடந்தது. அதோடு விளையாடச் சொல்லிப் பிள்ளையை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு ஹம்சிகா உள்ளறைப் பக்கம் போனாள். கட்டிலடியில் சப்பாத்து. ஆனால் அது அவள் கொடுத்த சப்பாத்து இல்லை. அவள் கொடுத்தது போன வருடத்து அளவு. இது இப்போதைய அளவு. உள்ளே ஈர மணல் ஒட்டியிருந்தது.

அறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள். ஐந்து கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருடம், றஷ்மி என்ற பெயர். மகள் வளர்ந்த உயரம். எழுத்து ஹம்சிகாவுடையது. அவள் எழுதாத எழுத்து.

ஆறாவது கோட்டுக்கு இடம் விட்டிருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. வாசலுக்கு வந்தபோது பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நடுத்தர வயது, தலையில் முக்காடு.

"என்ன ஹம்சிகா, காலையில இருந்து சத்தத்தக் காணல்ல? மகளுக்குக் காய்ச்ச சொகமா?"

"நீங்கள்..."

"நல்ல கத. பலீலாவ மறந்துட்டீங்களா? நேத்துப் போட்டுக் குடுத்த கஞ்சிய மகள் குடிச்சாவா?" என்றவளின் பார்வை கேற்றடிக்குப் போனது. பூனைக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்த றஷ்மியைச் சற்று நேரம் பார்த்தாள். "அது யாரு புள்ள?"

ஹம்சிகா உள்ளே வந்து சவுந்தரநாயகத்துக்குப் போன் எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கோ, பிள்ளை?"

"ஐயா, இந்த வீட்டில முந்தி இருந்தது ஆர்?"

"நீங்கள்தானே. அஞ்சு வருசமா."

"விளையாடாதேங்கோ. எனக்கு வேண்டாம் இது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போறன்."

மறுமுனையில் ரயில் சத்தம் கேட்டது. அதே ரயில், அவளுடைய ஜன்னலுக்கு வெளியிலும்.

"எந்த மகளை?" என்றார் அவர். "ஒண்டு எண்டுதானே சொன்னனீங்கள்."

கேற் திறந்தது. பள்ளிக்கூடத்து ஆட்கள். பைலோடு ஒரு ரீச்சர், கூட ஒரு ஐயா. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். ரீச்சர் கதிரையில் உட்கார்ந்து, கரண்ட் பில்லைப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நிலையில் இருந்த கோடுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லது. மகளைக் கூப்பிடுங்கோ."

ஹம்சிகா எதிர்க் கதிரையில் உட்கார்ந்தபடியே வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "றஷ்மி."

"வாறன் அம்மா."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது.

சின்னக் கால்கள். ஓடி வரும் சத்தம். புருவத்தில் அதே தழும்பு, நெற்றியில் அதே சுருள் முடி. அது நேரே வந்து அவள் மடியில் ஏறி இருந்தது. சூடு இருந்தது. பாரம் இருந்தது. பேபி பவுடர் வாசம். பெயர் கேட்டார்கள், சொன்னது. அப்பா எங்கே என்று கேட்டார்கள். டோஹா. பக்கத்து வீட்டில் யார்? பலீலா மாமி. எல்லாம் சரி.

ரீச்சர் ஜன்னலால் வெளியே பார்த்தார். "அப்ப அந்தப் பிள்ளை?"

றஷ்மி முற்றத்தில் பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து நிமிடம். ஒரு கையெழுத்து. அவர்கள் போகட்டும், போனதும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஹம்சிகா அப்படித்தான் நினைத்தாள். அவள் கெட்ட தாய் இல்லை.

"அது பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்றாள்.

ரீச்சர் எழுதினார். பிள்ளைகள், ஒன்று. கையெழுத்து. முத்திரை. எழும்பிப் போனார்கள்.

கேற்றடியில் சவுந்தரநாயகம். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு. றஷ்மியின் கை அவருடைய கைக்குள் இருந்தது. ஹம்சிகா எழும்பப் பார்த்தாள். மடியில் இருந்தது இறங்கவில்லை. கழுத்தைச் சுற்றி இரண்டு கை. இறுக்கமாக.

"றஷ்மி!" என்று கத்தினாள்.

"என்னம்மா?" என்றது மடி.

முற்றத்தில் நின்ற பிள்ளை பூனைக்குட்டியைக் கீழே விட்டாள். முகத்தில் அழுகை இல்லை. அடுத்த வீட்டுக்கு விளையாட வந்துவிட்டுப் போகிற பிள்ளையைப் போல மரியாதையாகக் கையசைத்தாள்.

"போயிட்டு வாறன், அன்ரி."

இருவரும் ஒழுங்கையால் இறங்கினார்கள். தண்டவாளத்தைத் தாண்டினார்கள். அதற்கு அப்பால் கடல் மட்டும்தான்.

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் தளர்ந்தன. அது மடியிலிருந்து இறங்கி, நிலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, குதிக்கால் இரண்டையும் சேர்த்து, நாடியை நிமிர்த்தி நின்றது.

"அம்மா, இந்த வருசம் இன்னும் அளக்கேல்லை."

பென்சில் எங்கே இருக்கிறது என்று ஹம்சிகாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய கை நிலைக்கு மேலே போய் அதை எடுத்தது.