ஒதுங்கும் வண்டிகள்

பேருந்து ஒன்று ஒதுங்கப் போகிறது என்று செய்தி வந்தபோது நிலோஃபர் அன்றைய இரண்டாவது தேநீரைக்கூட முடித்திருக்கவில்லை. காலையிலிருந்து வந்தவையெல்லாம் கார்களும் ஆட்டோக்களும்தான். அவற்றுக்கு ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். பேருந்தின் மின்கலம் அப்படியல்ல, ஒரு தெருவையே கரியாக்கும். அவள் கோப்பையை நகர்த்திவிட்டுத் திரையை அருகில் இழுத்தாள்.

'ஒதுங்கல்' என்பது சட்டத்திலேயே இருக்கும் சொல். அதை வைத்து மக்கள் செய்த கேலி கொஞ்சமல்ல. இப்போது கேலியும் அலுத்துவிட்டது. மின்கலம் உள்ளுக்குள் கொதித்துப் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு அடங்காது. தானாக எரிந்துதான் தீர வேண்டும். ஆனால் பற்றுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெம்முணர்வி என்ற கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். உடனே வண்டி ஓரங்கட்டி நின்று பயணிகளை இறக்கிவிடும். பிறகு கதவுகளைப் பூட்டிக்கொண்டு, தானே ஓடி, ஆளில்லாத ஓர் இடத்தில் போய் நின்று எரியும்.

எந்த இடம் என்பதில்தான் சண்டை. ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே எரிகளங்கள் வைத்தார்கள். பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு ஒவ்வொன்றாக மூட வைத்தார்கள். அப்போதுதான் வெம்மை ஆணையம் அந்த விதியைக் கொண்டுவந்தது. நிரந்தர இடம் எதுவும் வேண்டாம், அந்த நேரத்தில் எங்கே ஆள் குறைவோ அங்கே வண்டி போகட்டும். கைபேசியும் கைப்பட்டையும் விடுகிற சைகைகளை எண்ணி, இடந்தேர்வி என்ற இயந்திரம் இடத்தைச் சொல்லும். அது ஏழை பணக்காரர் பார்க்காது, எந்த மந்திரியின் சிபாரிசுக்கும் மசியாது. கட்டுப்பாட்டு அறை வேலைக்கு வந்த புதிதில் நிலோஃபர் அந்த விதியை உறவினர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

மக்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஆள் இருந்தால் வண்டி வராது, அவ்வளவுதானே? பழைய கைபேசிகளை மூட்டையாகக் கட்டி மரத்தில் தொங்கவிட்டார்கள். அப்புறம் ஆள்பெட்டி வந்தது. செருப்புப் பெட்டி அளவு இருக்கும். மின்சாரத்தில் மாட்டினால் நூறு பேருடைய சைகையை விட்டுக்கொண்டே இருக்கும். சட்டப்படி குற்றம். ஆனாலும் ஊரில் அது இல்லாத குடியிருப்பு இல்லை. நிலோஃபரின் குடியிருப்பிலும் இருந்தது. சங்கத்தில் சந்தா வசூலித்தபோது அவளும் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். எதிர்த்துப் பேச வேண்டுமானால் கூட்டத்துக்குப் போக வேண்டும், அதற்குத் தெம்பில்லை.

பேருந்துக்கு இடந்தேர்வி காட்டியது கால்வாய்க்கு அப்பாலிருந்த பெரிய மனை. ஆள் எண்ணிக்கை பூஜ்யம். அவள் ஒப்புதல் கொடுத்தாள். வண்டிக்கு முன்னால் போய் வழியைச் சரிபார்க்கும் ஜெபராஜ், மோட்டார் சைக்கிளில் மனையின் வாசலை எட்டியதும் வெளியிலிருந்தே கூப்பிட்டான்.

"மேடம், நிறுத்துங்க. இங்க ஆள் இருக்காங்க."

"திரையில ஒண்ணுமே இல்லையே ஜெபராஜ்."

"கட்டட வேலை நடக்குது மேடம். கம்பி கட்டுறவங்க, கல்லு தூக்குறவங்க, பொம்பளைங்க, கைக்குழந்தைங்க. எல்லாரும் வெளிமாநிலம். வேலை நேரத்துல போன் நோண்டுறாங்கன்னு மேஸ்திரி எல்லாத்தையும் அணைச்சு வாங்கி வச்சுக்கிட்டானாம். கேட்டை வெளியில பூட்டிட்டு அவன் சாப்பிடப் போயிருக்கான்."

"பூட்டை உடைங்க."

"உடைச்சுடலாம். ஆனா ஆளுங்க மேல பத்தாவது மாடியில நிக்கிறாங்க, கீழ பள்ளத்துல நிக்கிறாங்க. பஸ் வர்றதுக்குள்ள எல்லாரையும் இறக்க முடியாது."

நிலோஃபர் வேறு இடம் தேடினாள். வரைபடம் முழுக்கச் சிவப்பு. பட்டப்பகலில், வெயில் கொளுத்தும் வெற்று மைதானங்களில் நூற்றுக்கணக்கானோர் கூடி நிற்பதாக ஆள்பெட்டிகள் சொல்லிக்கொண்டிருந்தன. மாற்ற முயன்றபோதெல்லாம் இயந்திரம் மறுத்தது. எண்ணிக்கை இன்னும் குறைவான இடத்துக்குத்தான் மாற்றலாம் என்பது விதி. பூஜ்யத்துக்குக் குறைவாக எது இருக்கிறது?

ஒரே ஒரு வழி இருந்தது. 'இந்த இடம் காலி, நான் பொறுப்பு' என்று ஓர் அதிகாரி தன் பெயரில் உறுதி கொடுத்தால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். அங்கே யாருக்காவது ஏதாவது ஆனால் சிறை. அதனால் அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. இந்த நேரத்தில் நிச்சயமாகக் காலியாக இருக்கும் இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரதனைக் கூப்பிட்டாள்.

"வரதன் சார், நம்ம மைதானத்துல இப்ப யாராவது இருக்காங்களா?"

"பெட்டி நல்லா ஓடுது மேடம், கவலைப்படாதீங்க."

"பெட்டியைக் கேக்கல. ஆளைக் கேக்குறேன். எட்டிப் பாத்துச் சொல்லுங்க."

ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. "இந்த வெயில்ல எவன் இருப்பான்? நாய்கூட இல்ல."

"சரி. மைதானத்தைப் பாத்த மாதிரி இருக்கிற வீட்டையெல்லாம் உடனே காலி பண்ணச் சொல்லுங்க. முன்பக்கக் கதவைத் திறந்து விடுங்க. பஸ் ஒண்ணு அங்க வருது."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. "சொந்த வீட்டுக்கேவா அனுப்புறீங்க? என்னம்மா, பைத்தியமா உங்களுக்கு?"

"நேரமில்ல சார். எங்கம்மா மூணாவது மாடியில தூங்கிட்டிருப்பாங்க. அவங்களையும் எழுப்பிடுங்க."

அவள் உறுதிமொழியில் கட்டைவிரலை வைத்தாள். கால்வாய்ப் பாலத்தில் ஏறவிருந்த பேருந்து தயங்கி நின்று, மெல்லத் திரும்பியது.

யாருக்கும் காயமில்லை. மாலைவரை எரிந்தது. வீட்டுச் சுவர்கள் கறுத்தன, ஜன்னல் கண்ணாடிகள் வெடித்தன, மைதானத்து வேப்பமரங்களில் பாதி கருகின. நிலோஃபரின் அம்மா இருமலோடு ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். "வேற இடமே கிடைக்கலியா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். குடியிருப்பில் அதன்பிறகு அவளோடு மின்தூக்கியில் ஏற யாரும் விரும்பவில்லை.

விசாரணை நடந்தது. அவளைத் தண்டிக்கவும் முடியவில்லை, பாராட்டவும் மனமில்லை. அதே நாற்காலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். விதி மட்டும் மாறியது. ஆள்பெட்டிகள் எல்லாம் பறிமுதல். இனி கைபேசி கணக்கில் வராது. நாடித்துடிப்பைக் காட்டும் கைப்பட்டை மட்டும்தான் ஆள். கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்கும் கைப்பட்டை கட்டாயம். அறிக்கையைப் படித்தபோது நிலோஃபருக்கு வெகுநாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி வந்தது. ஜெபராஜுக்கும் அனுப்பினாள். 'நல்லது மேடம்' என்று பதில் எழுதினான்.

மழைக்காலம் முடிந்து புல் மறுபடி முளைத்திருந்தது. காய்ச்சலுக்கு விடுப்பெடுத்து மூன்று வாரம் படுத்திருந்து, ஒரு பிற்பகலில் அவள் கீழே இறங்கியபோது, தப்பிய வேப்பமரத்தடியில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையில் வேலை எதுவும் இல்லை. எல்லோர் மணிக்கட்டிலும் புதிய கைப்பட்டை.

"யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

ஓரத்தில் இருந்த பெண் சிரித்தாள். அவள் பெயர் புத்னி, ஜார்க்கண்ட்காரி. கால்வாய்க்கு அப்பால் கல் சுமந்தவள். அந்த வேலை நின்றுபோன பிறகு இங்கே வந்திருக்கிறாள்.

"யாரையும் பாக்க வேணாம் அக்கா. உக்கார்ற வேலை. காலையில வரணும், சாயங்காலம் போகணும். நல்ல வேலை. கல்லு தூக்க வேணாம்."

"வண்டி வந்துட்டா என்ன பண்ணுவ?"

"நாங்க இருந்தா வராதாமே? பெரிய சார் சொன்னாரு."

நிலோஃபர் நேரே வரதன் வீட்டுக்குப் போனாள். பேருந்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசியதில்லை. இன்று கதவைத் திறந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"எல்லாம் சட்டப்படிதான் மேடம். நிஜ ஆள், நிஜ நாடி. பக்கத்து காலனியில நாலு பேர் வச்சாங்க, நாம ஆறு. அவங்க எட்டு ஆக்கப்போறதா கேள்வி."

"அது மனுஷங்க சார்."

"அதனாலதான எண்ணுது?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாதவராக.

நிலோஃபர் மேலே வந்து அம்மாவுக்குக் கஞ்சி வைத்தாள். ஆணையத்துக்கு எழுத உட்கார்ந்து, எந்த விதியை மீறியதாகச் சொல்வது என்று தெரியாமல் எழுந்தாள்.

மறுநாள் வேலைக்குத் திரும்பியபோது வரைபடத்தில் பூஜ்யம் என்று ஓர் இடம்கூட இல்லை. எல்லா மைதானத்திலும், குளக்கரையிலும், பூட்டிய ஆலையிலும் யாரோ சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். முற்பகலில் ஒரு சரக்கு வண்டி ஒதுங்கியது. இடந்தேர்வி சற்று நேரம் சுழன்று, இருப்பதில் மிகக் குறைவான இடத்தைக் காட்டியது. ஒரு பூங்கா. ஆள் எண்ணிக்கை ஒன்று. விதி அதைத்தான் கேட்டது, குறைவான இடம். நிலோஃபர் பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். குறித்த நேரம் கடந்ததும் அவளுக்காகக் காத்திராமல் இயந்திரமே ஒப்புதல் கொடுத்துக்கொண்டது. அவள் ஜெபராஜை விரட்டினாள்.

"மேடம், ஒரு பெரியவர் பெஞ்சுல உக்காந்திருக்காரு. எழுந்து வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு. கேட்டுக்கு வெளியில நின்னு கத்திட்டிருக்கேன்."

"ஏனாம்?"

"அவர் எழுந்தா இடம் காலியாயிடுமாம். காலியா விட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு சொல்லியிருக்காங்களாம். வண்டி வருதுங்கய்யான்னா, அதுக்குத்தானே என்னை இங்க வச்சிருக்காங்கங்கிறாரு."

"உள்ள போய்த் தூக்கிட்டாவது வாங்க!"

ஜெபராஜ் ஓடும் காலடியோசை கேட்டது. அவன் பெரியவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவன் கைப்பட்டையும் சேர்ந்து, திரையில் ஒன்று இரண்டானது. பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி வந்துகொண்டிருந்த சரக்கு வண்டி வேகத்தைக் குறைத்தது. நின்றது. பின் வலப்பக்கம் திரும்பியது.

"திரும்பிடுச்சு மேடம்!" ஜெபராஜ் மூச்சிரைக்கச் சிரித்தான். "ஐயாவுக்கு ஒண்ணுமில்ல. தப்பிச்சுட்டாரு."

நிலோஃபர் வண்டியின் புதிய பாதையை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். ரயில் பாதையைத் தாண்டி, மூடிய பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டுத் திடலில் அது முடிந்தது.

அங்கே ஆள் எண்ணிக்கை ஒன்று.