ஆறு மணிக் குரல்

அம்மா படகுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டது. இன்னும் பதினேழு நாள் பாக்கி. யாரும் கேட்காமலே இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள் தொணா.

அவளுக்குப் பத்து வயது. ஓயாமல் தொணதொணப்பதால் அப்பா வைத்த பெயர் அது. அம்மா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருமே, அந்தச் சின்னப் படகு. ஏறினால் ஒரு மாதம் கழித்துத்தான் இறங்குவார். துறைமுகத்துக்கு வெளியே கடலிலேயே நிற்பதால் அங்கே கைபேசியும் எடுக்காது.

ஆனால் வீட்டில் ஒரு ஸ்கேனர் இருந்தது. பார்க்க ரேடியோ மாதிரிதான். பாட்டும் கேட்கலாம், படகுகள் தங்களுக்குள் பேசுவதையும் கேட்கலாம். திருப்பிப் பேசத்தான் முடியாது. தினமும் மாலை ஆறு மணிக்கு அம்மா துறைமுகக் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவார். அந்தப் பேச்சு வரும் அலைவரிசை எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அப்பா அதை ஸ்கேனரில் பதிந்து வைத்தார்.

முதல் நாளே ஏமாற்றம். 'உஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு அடியில், போர்வைக்குள் யாரோ முனகுவது போல ஒரு குரல். அம்மாதான். ஆனால் ஒரு வார்த்தை புரிய வேண்டுமே! ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் கூடிக் காதைப் பிளந்தது.

பதினோரு நாளும் இதே கதைதான். அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதா? காய்ச்சலா? அப்படியெல்லாம் இருக்காது, இருந்தால் அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள் என்றார் அப்பா. சொன்னவர் முகமும் வாடித்தான் இருந்தது.

நாலு வயதுத் தம்பி பொடியனோ, "அது அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்கேனர் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். அதைத்தான் தொணாவால் தாங்க முடியவில்லை. பதினேழு நாளில் இவன் அம்மாவை மறந்தே போய்விட்டால்?

மறுநாள் ஐந்தரை மணிக்கே ஸ்கேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். வேறொரு படகுக்காரர் பேசினார். அவர் குரலும் அதே முனகல். இன்னொருவர் பேசினார். அவரும் அப்படித்தான். தொணா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, எல்லாருக்கும் ஒண்ணாவா தொண்டை கட்டும்?"

தைத்துக்கொண்டிருந்த அப்பா மெஷினை நிறுத்தினார். தொணா பாட்டு நிலையத்துக்குத் திருப்பினாள். பாட்டு கணீரென்று கேட்டது. அப்படியானால் குறை அம்மாவின் தொண்டையில் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை.

ஸ்கேனரோடு வந்த சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்து இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பாட்டு நிலையங்கள் அகலமான அலையில் ஒலிபரப்புமாம். படகுகள் பேசுவதோ குறுகலான அலையில். ஸ்கேனரையும் அதற்கேற்ப மாற்றி வைக்க வேண்டும். குறுகலான பேச்சை அகலமான அமைப்பில் கேட்டால், ஒரு டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றியது போலத்தான். அடியில் எங்கோ கிடக்கும்.

"பாட்டுக்கு வெச்சிருந்ததையே இதுக்கும் வெச்சுட்டேன்," என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

தொணா படகு எண்ணுக்குத் திரும்பி, அலை அமைப்பை மாற்றும் மோடு பொத்தானை ஒரு முறை அமுக்கினாள். பேசிக்கொண்டிருந்தவர் குரல் கரகரவென்று கிழிந்தது.

"ஐ, வாத்து!" பொடியன் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

இன்னொரு முறை அமுக்கினாள். இரைச்சல் பட்டென்று அடங்கியது. "கயித்தைக் கொஞ்சம் தளர்த்துப்பா" என்று பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல யாரோ தெளிவாகச் சொன்னார். ஆறு மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"மூணாம் நம்பர் படகு பேசறேன். என் குரல் கேக்குதா?"

அம்மா! அதே குரல். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. தொணாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து உடனே பதில் வரவில்லை. பொடியன் ஸ்கேனரை இரண்டு கையாலும் பிடித்து, வாயை ஒட்ட வைத்துச் சொன்னான்.

"கேக்குதும்மா."

அது அங்கே போகாதுடா என்று சொல்ல வந்தாள் தொணா. சொல்லவில்லை. அப்பா எழுந்து வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லா கேக்குது," என்றது கட்டுப்பாட்டு அறை.

"சரி. நாளைக்கு இதே நேரத்துக்கு வரேன்."

"சரிம்மா."

இந்த முறை பதில் சொன்னது தொணா.