ஒற்றைத் தண்டவாள டிராம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே, சோழவரம் பக்கமிருந்து வருகிறவர்கள் இறங்கி வேறு பஸ் மாறும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் ஏஞ்சலினின் அம்மா மெர்சி இட்லி வண்டி போட்டிருந்தாள்.

ஒருநாள் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது, வண்டிக்கு அடியில் துருப்பிடித்த தண்டவாளம் ஒன்று தெரிந்தது. சேதி கேட்டு பூவராகவன் ஓடி வந்தார். அவர் ஊர் வரலாற்றுக் குழுவின் தலைவர். குழுவில் இருந்தவரும் அவர் ஒருவர்தான்.

“அந்தக் காலத்துல இங்க டிராம் ஓடியிருக்கு. தெருவுல போற குட்டி ரயிலு. பஸ்ஸும் டிராமும் மாறுன இடம் இது. வெள்ளிக்கிழமை நினைவுப் பலகை திறக்கறோம். மெர்சி, வண்டிய எடுத்துடும்மா.”

“எடுத்துகினு எங்க சார் போவறது? பஸ் மாறுற சனத்த நம்பித்தான் என் பொழப்பே ஓடுது.”

“வரலாறு முக்கியம்மா.”

அன்றிரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் ஏஞ்சலின் நின்றுவிட்டாள். ஒரு கம்பெனி வாசலில் காவலாளி பெரிய இரும்புக் கேட்டைத் தள்ளினார். அது சக்கரத்தில் உருண்டது. கீழே ஒரே ஒரு தண்டவாளம்.

மாலையில் பூவராகவன் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

“சார், டிராமுக்கு எத்தினி தண்டவாளம்?”

“ரெண்டு.”

“இங்க ஒண்ணுதான கீது?”

“இன்னொண்ணு மண்ணுக்குள்ள இருக்கும்.”

“தோண்டிப் பாத்துடலாம் சார். விழாவுல யாராச்சும் கேட்டா உங்களுக்குத்தான் பேஜாரு.”

தோண்டினார்கள். இன்னொரு தண்டவாளம் கிடைக்கவில்லை. ஒரு கேட் சக்கரமும், ‘பஸ் உள்ளே செல்லும் வழி’ என்று எழுதிய தகரமும் கிடைத்தன.

பூவராகவன் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “முப்பது பக்கம் எழுதி வச்சிருக்கேனே...”

ஏஞ்சலினுக்குப் பாவமாக இருந்தது. ஒரு தட்டு இட்லி கொண்டுவந்து கொடுத்தாள்.

“அந்தக் காலத்துல மெட்ராஸ்ல டிராம் ஓடுச்சில்ல சார்? இங்க பஸ் ஏறுனவங்க அங்க எறங்கி டிராம் மாறியிருப்பாங்க. அத்த பேசுங்க.”

அவர் முகம் மெல்லத் தெளிந்தது. “இருபது பக்கம் அப்படியே ஒத்துவரும்,” என்றபடி இட்லியைப் பிட்டார்.

வெள்ளிக்கிழமை, இட்லி வண்டிக்குப் பக்கத்திலேயே பலகை திறக்கப்பட்டது:

‘இங்கு டிராம் ஓடியதே இல்லை. கண்டுபிடித்தவர்: பூவராகவன்.’

பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது. பஸ் வரும்வரை அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே, எல்லாரும் மெர்சியிடம் இன்னும் இரண்டு இட்லி கேட்டார்கள்.