விரிசலை அடைத்த மத்தியானம்

என் லோடு ஆட்டோ வந்து நிற்கும் முன்பே தங்கச்சி பவானி வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். வாண்ணே, போண்ணே எதுவும் இல்லை.

"சீக்கிரம் அடைச்சிருண்ணே."

தேனியில் ஷோரூம், ஆஸ்பத்திரி என்று தரைக்கு எபாக்ஸி என்கிற பிசின் பூச்சுப் பூசுகிறவன் நான். பவானியும் மச்சானும் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்திருந்தார்கள். மச்சானுக்குக் கட்டப்பனையில் ஏலக்காய் வியாபாரம். சனிக்கிழமைதான் வருவார். கார் ஷெட்டின் கான்கிரீட் தரை குறுக்கே பிளந்து கிடந்தது. அந்த விரிசலில் காதை வைத்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள் பவானியின் மகள் கயல். ஐந்து வயது.

பிள்ளையின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வீரபாண்டிக் கோயிலில் கட்டிவிட்ட கயிறு மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கியது. சோறு தண்ணி இல்லாமல் பகலெல்லாம் இங்கேயே கிடக்கிறாளாம். தூக்கிக்கொண்டு போனால் அலறுகிறாளாம்.

"எம்புள்ளைய அது இழுத்துக்கிரும்ணே," என்றாள் பவானி.

"ஏ கிறுக்கி, முன்ன இங்கன இருந்த கிணத்தைத் தூர்த்து மேல கான்கிரீட் போட்டிருக்கான். மண்ணு அமுங்கவும் தரை விட்டிருச்சு. இதுக்குப் போய் அழுவாகளா?"

பேய்க்கும் எனக்கும் அதுவரை கொடுக்கல் வாங்கல் கிடையாது. சிரித்துக்கொண்டே கயல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருகூட ஆத்தா பேசுற?"

"உள்ள ஒரு அக்கா இருக்கு மாமா. இருட்டா இருக்காம். அதோட அம்மா வரவே இல்லையாம்."

சின்னப்பிள்ளை பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பூசுவதற்கு முன் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் பூச்சு உரிந்துவிடும். விரிசல் மேல் பாலிதீன் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். கயல் நகர்ந்து இடம் கொடுத்தாளே தவிர எழுந்து போகவில்லை.

உச்சிப்பொழுது ஆனது. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மோட்டார் சத்தம் நின்றது. காக்கை சத்தம்கூட இல்லை. மருந்து வாடையை மீறிக்கொண்டு, பாசி பிடித்த தண்ணீரின் வாடை ஷெட்டுக்குள் எழும்பியது.

தாளின் அடியில் ஆவி படிந்திருந்தது. ஈரம்தான் என்று நினைத்தேன்.

ஆவி விலகியது.

மறுபடியும் படிந்தது.

விலகியது.

உறங்குகிறவனின் மூக்கருகே கண்ணாடியைப் பிடித்தால் எப்படியோ, அப்படி. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? எழுந்து ஓடியிருப்பேன். பிள்ளை அங்கே கிடந்ததால் கால் வரவில்லை.

அப்போது கயல் தானாகவே எழுந்தாள். யார் கையையோ பிடித்திருப்பதுபோல ஒரு கையை நீட்டிக்கொண்டு, வீட்டுக்குள் துள்ளி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே, சிரிக்கிறாண்ணே!" என்று பவானி அழுதுகொண்டே உள்ளே ஓடினாள்.

நான் தாளைப் பார்த்தேன். பொட்டு ஆவி இல்லை. இதுதான் சமயம் என்று டேப்பைப் பிய்த்தேன். கட்டரால் விரிசலை அகலப்படுத்தி, தூசியை உறிஞ்சி எடுத்து, எபாக்ஸிக் கலவையை வாய்வரை அடைத்தேன். அது இறுகியதும் தேய்த்துவிட்டு, தரை முழுக்கச் சாம்பல் நிறம் பூசினேன். அன்றைக்கு ராத்திரி அங்கேயே தங்கினேன். கயல் இரண்டு தோசை சாப்பிட்டாள். பவானி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குலசாமியே வந்து வேலை பார்த்ததுபோல எனக்கும் பெருமைதான்.

மறுநாள் மத்தியானம் தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. கயல் ஷெட் ஓரமாக வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, அக்கா வெளிய இருக்கப்பவே ஏன் அடைச்சீக?"

திரும்பிப் பூச்சைப் பார்த்தேன்.

"பொம்மை பாக்க நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். இப்பப் போக வழியில்லைன்னு அழுதுச்சு. பாவமா இருந்துச்சா, அதான் எங்கம்மாவுல பாதி தாரேன்னு சொல்லிட்டேன்."

கட்டரை எடுத்தேன். ஒயரைச் செருகினேன். பூச்சு நாசமாய்ப் போகட்டும், வெட்டி வழி விட்டால் போதும் என்று பிளேடைத் தரையில் வைத்தேன்.

"மிஷினை நிறுத்துண்ணே."

அடுப்படி ஜன்னலில் பவானி நின்றாள். கிசுகிசுப்பான குரல். கையில் ஒரு கவளம் தயிர்ச்சோறு.

"சத்தம் போடாத. இப்பத்தான் புள்ளைக்கு ஊட்டிக்கிட்டு இருக்கேன்."

கயல் என் கைலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"பவானி, புள்ள இங்கன நிக்கிறா," என்றேன்.

அவள் கயலைப் பார்த்தாள். தெருப்பிள்ளை ஒன்று வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அவ்வளவுதான்.

திரும்பிக் குனிந்தாள்.

"ஆ காட்டு, என் ஆத்தால்ல."

சோற்றோடு தாழ்ந்த கை வெறுங்கையாக மேலே வந்தது.

கயல் என் காலோடு ஒட்டிக்கொண்டாள்.

"பாதிதான மாமா தாரேன்னு சொன்னேன்?"