இரட்டைப்படைப் பைகள்

ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். கட்டிலின் இடது பாதியிலிருந்து எழுந்தான். வலது பாதியில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. பல் தேய்த்தான். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினான். அது கொதிக்கும்வரை சமையலறை ஜன்னலில் நின்று, எதிர்க் கட்டடத்தில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பார்த்தான். மூன்று. தேநீரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். மனைவி போன எட்டு மாதங்களில் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் விடிந்திருக்கிறது.

மேஜைமேல் கட்டைகளால் பாதி கட்டிய பொம்மைக் கப்பல் இருந்தது. அதன் மேல்தளம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். நேற்றுக் காலை பார்த்தபோது மேல்தளம் இல்லை. எட்டு மாதம் கழித்துப் போன வாரம்தான் மறுபடி தொட்டு, பதின்மூன்றாம் எண் கட்டைப் பையோடு சனிக்கிழமை நிறுத்தியிருந்தான். இப்போது பதினான்காம் பை பிரிக்கப்பட்டு, நான்காக மடிக்கப்பட்டு, செய்முறைப் புத்தகத்தின் அடியில் செருகப்பட்டிருந்தது. அவன் தன் பைகளைக் கசக்கிக் குப்பையில் போடுகிறவன். மடித்து வைப்பது அவன் பழக்கமில்லை.

பதினான்கு அவளுடைய பை.

வாசற்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. சாவி இரண்டு. ஒன்று அவன் சட்டைப்பையில். மற்றொன்று அவள் கைப்பையில், கைப்பை அலமாரியில், அலமாரி பூட்டி. எல்லாவற்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு உட்கார்ந்தான். தேநீர் ஆறிப்போயிருந்தது. தன் முகத்தில் ஏதோ மாறியிருப்பதை உணர்ந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வீடும் விமானமும் கட்டுகிற செட்டுகள். கடையில் நிறுத்தப்பட்ட பழைய செட்டுகளைத் தேடி அலைவான். கிடைத்தால் காதருகே பெட்டியை ஆட்டி, உள்ளே பைகள் உடையாமல் இருக்கின்றனவா என்று சத்தத்தை வைத்தே சொல்வான். "கல்யாணம் ஆனா இந்தப் பொம்மை ஆட்டம் நிக்கும்னு பார்த்தேன். வந்தவளும் கூட உக்காந்துட்டா" என்று அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வந்தவளும் உட்கார்ந்தாள் என்றாலும் இருவரும் சேர்ந்து உட்கார நேரம் வாய்த்ததில்லை. அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை. காலை எட்டுக்குக் கிளம்ப வேண்டும். அவள் செய்தித்தாளில் பக்கம் வடிவமைப்பவள். மதியம் மூன்று மணிக்குப் போனால் திரும்ப இரவு ஒரு மணி ஆகும், காலை ஒன்பதுவரை தூங்குவாள். அதனால் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். வாரம் ஒரு பை. கட்டைகளைக் கொட்ட ஆளுக்கொரு தட்டு. ஒற்றைப்படை எண் அவனுக்கு. இரட்டைப்படை அவளுக்கு. அவனுடைய வாரத்தில் விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாக அவன் கட்டுவான். அவளுடைய வாரத்தில் அவன் ஆபீஸ் போன பிறகு அவள் கட்டுவாள். ஒருவர் கட்டுவதை மற்றவர் பார்த்ததில்லை. முப்பத்தொரு செட்டுகள் இப்படியே முடிந்து அலமாரியில் ஏறின. முப்பத்திரண்டாவது இந்தக் கப்பல். இருபத்துநான்கு பைகள்.

கப்பலில் பன்னிரண்டு பைகள் முடிந்திருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் மருத்துவர். பதினோரு நாள்.

அவள் செத்தது ஒரு துக்கம். அதைவிட அவனைத் தின்றது அதற்கு முந்தைய மூன்று மாதம். அவள் பேச்சைக் குறைத்திருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். 'நம்ம வீடு', 'நம்ம விமானம்' என்று முப்பத்தொரு செட்டுக்கும் சொன்னவள், இதை மட்டும் 'உன் கப்பல்' என்றாள். என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல, தூக்கம்" என்பாள். கடைசிவரை காரணம் சொல்லாமல், கோபத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதுகில் குத்தியதுபோல அது இருந்தது. குத்தியது ஏன் என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும் என்றிருந்தான்.

இப்போது அவள் தன் பங்கைக் கட்டியிருக்கிறாள். கோபம் தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

மேல்தளத்தின் விளிம்பில் விரலை ஓட்டினான். நான்காவது கட்டையில் தட்டுப்பட்டது. சின்னக் குழிகள், பிறை வடிவில். பல் தடம். இறுகிப்போன கட்டைகளைப் பிரிக்கப் பெட்டியோடு ஒரு குட்டி நெம்புகோல் தருவார்கள். அதை விட்டுவிட்டு அவள் பல்லால் கடித்து இழுப்பாள். ஒருமுறை ஆபீஸிலிருந்து போன் செய்து கிண்டல் பண்ணியிருக்கிறான்.

"வீட்ல எலி புகுந்திருக்கு போல. பிளாக் எல்லாம் கடிச்சு வெச்சிருக்கு."

"நானா? நான் எங்க கடிச்சேன்?"

"பின்ன, மாடி வீட்டுக்காரரு வந்து கடிச்சாரா?"

சிரித்தாள். சிரிப்பு வர ஒரு நொடி தாமதமானது.

புதன்கிழமை காலையே பதினைந்தாம் பையைப் பிரித்தான். புதுப் பிளாஸ்டிக்கின் மணம், மழைக்கு முந்தைய தார்ச்சாலை மாதிரி, மூக்கில் ஏறியது. கட்டைகளைத் தட்டில் கொட்டிக் கிளறினான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். அவன் கையை நிறுத்திய பிறகும் தூறல் அரை நொடி நீடித்தது. நிச்சயமாகக் கேட்டான். நிமிர்ந்து பார்த்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"சாரி" என்றான். "எதுக்குன்னு தெரியல. ஆனா சாரி."

அன்றிலிருந்து கெட்டிலில் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஒன்றை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு ஆபீஸ் போனான். மாலையில் தேநீர் ஏடு கட்டி அப்படியே இருக்கும். விளிம்பில் மட்டும் ஓரிடத்தில் ஈரம். ஆபீஸில் உடன் வேலை செய்கிற மெக்கானிக், "என்ன, முகத்துல களை வந்திருக்கு, பொண்ணு கிண்ணு பார்த்தாச்சா?" என்று கேட்டான். இவன் வெட்கப்படக்கூடச் செய்தான்.

அடுத்த திங்கள் மாலை கதவைத் திறந்தபோது பதினாறாம் பை முடிந்திருந்தது. புகைபோக்கி இரண்டும் நின்றன. கடைசிக் கட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அதைக் கழற்றி, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டான். பல் தடத்தின்மேல் நாக்கை வைத்தபடி விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். எட்டு மாதத்தில் முதல்முறையாக அழ வந்தது.

ஞாயிறு மதியம் மைத்துனி வந்தாள். அக்காவின் கம்பளிச் சட்டைகளை எடுத்துப்போக வருவதாக முன்பே சொல்லியிருந்தாள். காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

"டீ போடட்டுமா?"

"வேணாம் மாமா. கீழ வண்டி நிக்குது."

சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் மேஜையருகே நின்றாள்.

"இன்னும் இதைக் கட்டிட்டுதான் இருக்கீங்களா?"

அவனால் அடக்க முடியவில்லை. "பாதிதான் என்னோடது. இந்தப் பாதி உங்கக்கா பங்கு. ரெட்டைப்படையெல்லாம் அவதானே கட்டுவா."

"எதுல?"

"இதுலதான். கப்பல்ல."

"மாமா, அக்கா இதுல ஒரு பிளாக்கைக்கூடத் தொடல."

"சும்மா சொல்லாதே."

"நான் ஏன் சும்மா சொல்றேன்? முதல் தடவையே எனக்குப் போன் பண்ணினா. 'என் வாரம்னு ஆசையா எழுந்து வந்தேன்டி, அதுக்குள்ள கட்டி முடிச்சிருக்கு'ன்னா. அடுத்த தடவையும் அதே கதை. ஆறு பையும் அப்படித்தான். உங்ககிட்ட கேக்க அவளுக்கு ரோஷம். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டே இருந்தா."

"நான் கட்டலையே. அவதான் கட்டுறான்னு நான்..."

"நீங்க கட்டலைன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் அப்புறம் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

மைத்துனி முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அருவருப்பு இருந்தது. "நல்லா நடிக்கிறீங்க மாமா. அக்கா வாழ்ந்த வீட்ல நின்னுக்கிட்டு அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

வெயில் சாய்வதற்குள் அலமாரியிலிருந்த முப்பத்தொரு செட்டுகளையும் இறக்கினான். அவள் கட்டிய சுவர்கள், இறக்கைகள், கூரைகள் ஒவ்வொன்றாகத் தடவினான். வழவழப்பு. எல்லாம் வழவழப்பு. எங்கேயும் ஒரு பல் தடம் இல்லை. கப்பலில் மட்டும் இருந்தது. இரண்டாம் பை, நான்கு, ஆறு, எட்டு. ஆழமாகிக்கொண்டே போயிற்று.

தான் வாயில் போட்ட கட்டை நினைவுக்கு வந்தது.

குளியலறைக்கு ஓடினான். வாயைக் கொப்பளித்தான். பிரஷ்ஷால் நாக்கைத் தேய்த்தான். ரத்தம் வந்த பிறகும் தேய்த்தான்.

திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தபோது விழித்துத்தான் இருந்தான். இன்று கப்பலைப் பிரித்துப் பெட்டியில் போட்டு, ஆபீஸ் போகிற வழியில் எங்காவது தூர எறிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். கூடத்து விளக்குகள் எல்லாவற்றையும் போட்டான். தன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்து போய் எதிர் நாற்காலியை மேஜைக்கு அடியில் முழுக்கத் தள்ளிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

புகைபோக்கியைப் பிடுங்கினான். வரவில்லை. அடியில் ஒரு கட்டை இறுகியிருந்தது. நெம்புகோலைத் தேடினான். புத்தகத்துக்கு அடியில் இல்லை. தட்டில் இல்லை. மிச்சக் கட்டைகளைக் கிளறினான். தூறல் சத்தம். தகரக் கூரை.

கையை எடுத்தான்.

தூறல் நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம், அவளுடைய தட்டு. அதில் மிஞ்சிக் கிடந்த கட்டைகள் நகர்ந்தன. ஒதுங்கின. நடுவில் ஒரு குழி விழுந்தது, மூடியது, பக்கத்தில் வேறொரு குழி விழுந்தது. அவசரமில்லாமல். ஒரு கை எதையோ தேடுகிறபோது ஒதுங்குவதுபோல. கை இல்லை.

நாற்காலி வெளியே இழுபட்டிருந்தது. எப்போது?

எச்சில் வாடை. வெதுவெதுப்பாக.

எழுந்துவிட நினைத்தான். சத்தம் நின்றது. தேடியது கிடைத்துவிட்டது. தட்டின் விளிம்பைத் தாண்டி நெம்புகோல் மேஜைமேல் வந்தது. அவனை நோக்கி நகர்ந்தது. மெதுவாக, ஒரு விரலால் தள்ளுவதுபோல, மரத்தில் ஈரக்கோடு இழுத்துக்கொண்டு. அவன் சுண்டுவிரலில் இடித்து நின்றது. பாதிதான் இருந்தது. மீதி கடிபட்டிருந்தது.

பழகியவர்கள் கொடுப்பதுபோலக் கொடுத்தது. எத்தனையோ காலைகளில் இப்படிக் கொடுத்திருப்பதுபோல.

தட்டில் மறுபடி தூறல் ஆரம்பித்தது. பதினேழாம் பை, அவனுடைய பை, மேஜையோரத்தில் தானாகக் கிழிய ஆரம்பித்தது.

'பத்திரமா இரு.' அவள் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவள் அம்மாவிடம், அப்பாவிடம், ஆபீஸில். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டிருந்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலை, ஆக்சிஜன் முகமூடியைத் தானே விலக்கினாள். அவன் குனிந்தான். மூன்று மாதமாகத் திருப்பி வைத்திருந்த முகத்தை அவன் பக்கம் திருப்பி, கோபம்கூட மிச்சமில்லாத குரலில் ஒன்று கேட்டாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவி, "தூங்கும்மா" என்றான். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

"தினமும் காலையில நீ கட்டும்போது உன் எதிர்ல உக்காந்திருக்காளே, அவ யாரு?"